அரிப்பும் வெள்ளைப்படுதலும்: உங்களுக்கு எப்படிச் சரியானது?

தொண்டை வலிக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் போட்டு முடித்த கையோடு எனக்கு ஆரம்பித்தது. உட்கார விடாத அரிப்பு, ஒண்ணுக்குப் போனால் எரிச்சல். "உடம்புச் சூடு" என்று அத்தை சொல்ல, இரண்டு நாள் மோரும் வெந்தயத் தண்ணீருமாக ஓடியது. மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் கலையும்வரை நின்று, முணுமுணுத்து ஒரு க்ரீம் வாங்கினேன். ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத் தந்தார். தடவியதும் அடங்கியது. நிறுத்திய நாலாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பியது.

லேடி டாக்டர் ட்யூபைத் திருப்பிப் படித்தார். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளரவிடும்." வெள்ளை எப்படிப் போகிறது என்று கேட்டார். திரிந்த தயிர் மாதிரி, வாடை இல்லை என்றேன். பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் எடுத்து மஞ்சள் தாளில் தொட்டார். நிறம் மாறவில்லை, அமிலத்தன்மை வழக்கம்போலத்தான். மிச்சம் மைக்ரோஸ்கோப்புக்குப் போனது. கேண்டிடா பூஞ்சை. க்ளோட்ரிமசோல் 500 மில்லிகிராம், உள்ளே வைக்கிற மாத்திரை, ஒரே ஒரு இரவு. காலையில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்கு வந்ததும் பயந்துவிட்டேன். அது கரையாத மாத்திரையாம். மூன்று நாளில் நிம்மதி.

⁂

எனக்கு வேறு கதை. முன்பு பூஞ்சைக்கு எழுதித் தந்த ஃப்ளூகோனசோல் 150 மாத்திரைச் சீட்டு பீரோவில் கிடந்தது. அதைக் காட்டி வாங்கி விழுங்கினேன், துளியும் கேட்கவில்லை. யோசித்தால், இந்தத் தடவை அரிப்பே பெரிதாக இல்லை. தண்ணியாக, சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு போனது. பூஞ்சையே இல்லையாம், பாக்டீரியா. மெட்ரோனிடசோல் ஏழு நாள். "நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கர்ப்பமாக இருந்தால் அந்த ஃப்ளூகோனசோலைச் சாப்பிடக் கூடாதாம், உள்ளே வைக்கிற மருந்துதான் தருவார்களாம். நல்லவேளை, இல்லை.

⁂

எங்கள் அம்மாவுக்கு 58 வயது. மாதாமாதம் இந்த அரிப்பு வந்தது. மருந்து போட்டால் போகும், மறுபடி வரும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலே வெடித்துப்போனபிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தார். டாக்டர் முதலில் கேட்டது மாத்திரை டப்பாவை. சர்க்கரைக்குப் புதிதாக டாபாகுளிஃப்ளோசின் சேர்த்திருந்தார்கள். அது சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுகிற மாத்திரை, பூஞ்சைக்கு விருந்து. நாமாக நிறுத்தாமல் சுகர் டாக்டரிடம் போனோம், மாற்றித் தந்தார். பூஞ்சைக்குத் தனியாக வாரம் ஒரு ஃப்ளூகோனசோல், ஆறு மாதம்.

இப்போது காலையில் கூட நடக்க வருகிற அக்காமார் யாராவது "அரிக்குது" என்றால் போதும், அவர்களுடைய சுகர் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்கிறார் அம்மா.