மகனின் வயதைக் குறைக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

வேலந்தாவளம் அம்மா எழுதியது:

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி இருக்கிறோம். கணவர் இளநீர் லாரி ஓட்டுகிறார். மகன் எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். கால்பந்து கிடைத்தால் போதும், சாப்பாடு நினைவிருக்காது. இடது காலால் ஆடுகிறான். அவன் கொடுக்கும் பாஸ் சரியாகக் காலுக்கு வந்து சேர்கிறது என்று பெரிய பையன்களே சொல்கிறார்கள்.

மாவட்ட சப்-ஜூனியர் (சிறுவர்) அணித் தேர்வுக்குப் போனான். இரண்டாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஆட்டம் நன்றாக இருக்கிறது, உடம்பு போதாது" என்றார்களாம். டிசம்பர் கடைசியில் பிறந்தவன், ஆளும் சின்னவன்தான். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

இப்போது உள்ளூர் கிளப்பை நடத்தும் ஒருவர் வந்து, "இரண்டு வயது குறைத்துப் புதிய பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம், எல்லோரும் செய்வதுதான், அடுத்த ஆண்டு சுலபமாக அணியில் நுழைந்துவிடுவான், அப்படியே இந்திய அணி வரை போகலாம்" என்கிறார். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களுக்கும் அழைக்கிறார், ஆட்டத்துக்குப் பணம் உண்டாம். இன்னொரு பக்கம் ஒரு அகாடமிக்காரர், விடுதியில் சேர்த்தால் தேசிய அணிக்கு அனுப்புவது தன் பொறுப்பு என்கிறார். கட்டணம் எங்கள் சக்திக்கு மீறியது. நகையை வைத்தால் முடியும்.

கணவருக்கு அரை மனது. எனக்குப் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாட்டுக்கல் ரசிகன் எழுதியது:

அக்கா, சான்றிதழ் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் செவன்ஸுக்கு அனுப்புங்கள். அறுவடை முடிந்த வயலில், கேலரி நிறைந்த கூட்டத்துக்கு நடுவே பெரியவர்களோடு மோதி ஆடினால் பையனுக்குத் தைரியம் வரும். கையில் காசும் வரும். மலப்புறத்திலும் பாலக்காட்டிலும் நல்ல ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் செவன்ஸில் உருவானவர்கள். பயந்து வீட்டில் உட்கார வைத்தால் ஆர்வம் போய்விடும்.

பழைய பி.டி. மாஷ் எழுதியது:

அம்மா, சித்தூர் தாலுகாவில் அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் காலையில் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சான்றிதழில் கை வைக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இது முதலில்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதன்படி 21 நாளுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. பதிவு செய்த தேதி சான்றிதழிலேயே இருக்கும். பையன் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு பதிந்த சான்றிதழைப் பார்த்ததுமே தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். அதற்கு மேல் எலும்புச் சோதனை இருக்கிறது. இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முதிர்ச்சியைக் கணக்கிடுகிறார்கள். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பயன்படுத்துகிறது. மணிக்கட்டருகே எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு முழுதாக மூடியிருந்தால் அந்தப் பையன் ஆட முடியாது. வயது மோசடிக்கு எதிராக மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் தேசிய நெறிமுறையும் 2010 முதல் இருக்கிறது. மாட்டினால் பெயர் கெடுவது பையனுக்கு. சான்றிதழ் வாங்கிக் கொடுத்தவர் அன்று உங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டார்.

மாட்டவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவன் பிடிக்கும் இடம், உண்மையிலேயே இரண்டு வயது இளையவனான இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடம். உங்கள் மகன் ஒரு வாரம் பேசாமல் இருந்ததைப் பார்த்தவர் நீங்கள்.

இனி, மகன் டிசம்பரில் பிறந்த விஷயம். வயதுப் பிரிவுக் கால்பந்தில் ஆண்டுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. 2017-இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குக்கூட 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆக, உங்கள் மகன் களத்தில் சந்தித்த ஜனவரிப் பையன்கள் அவனைவிடக் கிட்டத்தட்ட ஓராண்டு மூத்தவர்கள். 13, 14 வயதில் ஓராண்டு என்பது பெரிய வித்தியாசம். பையன்கள் சடசடவென்று வளரும் பருவம் அது. ஒரே ஆண்டில் 8, 10 சென்டிமீட்டர் கூடுகிறவர்கள் உண்டு. சிலருக்கு அந்த ஆண்டு 12-இல் வரும், சிலருக்கு 15-இல். முன்னால் வளர்ந்தவன் முட்டித் தள்ளிக் கோல் போடுகிறான், தேர்வாளர் அவன் பெயரை எழுதிக்கொள்கிறார். உலகம் முழுக்க இளையோர் அணிப் பட்டியல்களில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாகவும் கடைசி மூன்று மாதத்துக்காரர்கள் குறைவாகவும் இருப்பதன் காரணம் இதுதான். பெல்ஜியத்தில் இதைப் பார்த்துவிட்டு, தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே இளையோர் தேசிய அணியில் தனிப் பிரிவு வைத்தார்கள். நம் நாட்டிலும் அது வர வேண்டும் என்று மாவட்டக் கூட்டங்களில் பேசி வருகிறேன், இனியும் பேசுவேன்.

ஆன்ட்வான் கிரீஸ்மனைத் தெரிந்திருக்கும், 2018-இல் பிரான்ஸ் உலகக் கோப்பை வென்றபோது இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர். சிறு வயதில் ஆள் சின்னவன் என்று பிரெஞ்சு கிளப்புகள் வரிசையாகக் கைவிட்டன. எல்லைக்கு அப்பால், ஸ்பெயினின் ரியல் சோசியதாத் கிளப் அவரை எடுத்து வளர்த்தது. அவரும் இடது கால்காரர்தான், மகனிடம் சொல்லுங்கள்.

மேலே சொன்ன 2017 உலகக் கோப்பையில், கொச்சியில் நடந்த பிரேசில், ஸ்பெயின் ஆட்டத்துக்குப் பள்ளிப் பையன்களை ரயிலில் அழைத்துப் போனேன். பிரேசில் 2-1 என்று வென்றது. பந்து யாரிடம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், பந்து வருவதற்கு முன் அவன் கழுத்தைத் திருப்பி எதைப் பார்க்கிறான் என்று பாருங்கள் என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். அந்த ஸ்பெயின் அணியில் ஃபெரான் டோரஸ் இருந்தார். 2024-இல் யூரோ கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவருக்கு வாரந்தோறும் ஆட்டம் இருந்தது. நம் இந்தியப் பையன்கள் அதே போட்டியில் அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 என்று தோற்றார்கள். கொலம்பியாவுக்கு எதிராகச் சஞ்சீவ் ஸ்டாலின் எடுத்த கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டிக் கோலாக்கினார். எந்த வயதுப் பிரிவிலும் ஃபிஃபா உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல் அது. ஜீக்சன் 2001 ஜூனில் பிறந்தவர், அணியின் இளையவர்களில் ஒருவர். அவரும் சுரேஷ் சிங்கும் அன்வர் அலியும் பின்னர் சீனியர் அணி வரை வந்தார்கள். அந்தத் தொகுதியில் பலர் வரவில்லை. அவர்களைச் சேர்த்து ஐ-லீக் என்ற தேசியக் கிளப் போட்டியில் ஆட வைத்த இந்தியன் ஆரோஸ் அணியையும் 2022-இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே 17 வயது இந்தியச் சட்டை கிடைப்பது பெரிய மகிழ்ச்சிதான், ஆனால் அதோடு எதுவும் முடிவாகிவிடுவதில்லை. கிடைக்காவிட்டாலும் முடிந்துவிடுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு முகாம் இருக்கிறது, போதிய ஆட்டம் இல்லை. என் வருத்தமெல்லாம் அதுதான்.

தம்பி நாட்டுக்கல் ரசிகனுக்கு: செவன்ஸ் எனக்கும் உயிர். ஆனால் 13 வயதுப் பையன் வளர்ந்த ஆட்களோடு கூலிக்கு ஆடக் கூடாது. அங்கே அவன் கற்பது அடிக்குத் தப்பிக்கும் வித்தை மட்டும்தான். 2019 டிசம்பரில் நம் பாலக்காட்டுக்காரர், கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் ஆடிய தன்ராஜன், பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். அனுபவமுள்ள வீரருக்கே அப்படி நேர்ந்தது. மைதானத்தில் மருத்துவரும் ஆம்புலன்சும் இல்லாத எந்த ஆட்டத்துக்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

அகாடமிக்காரர் விஷயம் எளிது. தேசிய அணிக்கு அனுப்பும் அதிகாரம் எந்த அகாடமிக்கும் கிடையாது. போட்டிகளைப் பார்த்தும் முகாம் வைத்தும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர்கள்தான் எடுக்கிறார்கள். அகாடமிகளுக்கு அந்தக் கூட்டமைப்பு நட்சத்திரத் தரம் வழங்குகிறது. இவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பருவத்துக்கு எத்தனை லீக் ஆட்டம், பள்ளிப் படிப்பு எங்கே என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களைத் தாங்கள் வைத்துக்கொள்வதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நகையை வைக்க வேண்டாம் அம்மா.

வேலந்தாவளம் அம்மா எழுதியது:

மாஷ், உங்கள் பதிலைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். சான்றிதழ் பேச்சை விட்டுவிட்டோம். அந்த எக்ஸ்ரே பற்றித்தான் கலக்கம். வளரும் பிள்ளைக்கு எடுத்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார்கள். ஓடிவிட்டு வந்தால் முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்றும் சொல்கிறான். உயரத்துக்கு ஏதோ ஊசி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதையும் கேட்கலாம் என்று நினைத்தேன். இளையவள் ஐந்தாம் வகுப்பு. அண்ணனோடு அவளும் ஆடுகிறாள். அவளை எங்கே சேர்ப்பது என்றே தெரியவில்லை.

கோவை பிசியோ எழுதியது:

அக்கா, பொள்ளாச்சியில் பிறந்து கோவையில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். மணிக்கட்டு எக்ஸ்ரேயால் வளர்ச்சி நிற்காது. அதில் படும் கதிர்வீச்சு, ஒரு நாளில் இயற்கையாகவே நம்மேல் படுவதைவிடக் குறைவு. எம்.ஆர்.ஐ.-யில் அந்தக் கதிர்வீச்சே கிடையாது. ஆனால் எலும்பு வயதும் பிறந்த வயதும் எல்லோருக்கும் பொருந்திவராது. சீக்கிரம் வளர்ந்த நேர்மையான பையனுக்கு எலும்பு வயது கூடுதலாகக் காட்டக்கூடும். உங்கள் மகனைப் போன்றவனுக்குக் குறைவாகவே காட்டும். பயப்பட ஒன்றுமில்லை.

முட்டிச்சில்லுக்குக் கீழே சிறு மேடுபோல் வீங்கி, அழுத்தினால் வலிக்கிறதா? இந்த வயதில் ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற தொந்தரவு அடிக்கடி வரும். எலும்பு முந்தி வளர, தொடைத் தசையின் நாண் அது ஒட்டியிருக்கும் இடத்தை இழுப்பதால் வரும் வலி. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, ஐஸ் வைத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் பெரும்பாலும் அடங்கும். வளர்ச்சி முடியும்போது போய்விடும். ஆனாலும் எலும்பு மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். வலியோடு ஆட விடாதீர்கள்.

ஊசி வேண்டவே வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது. குறைபாடு இருப்பதாக மருத்துவர் சோதித்துச் சொன்னால் ஒழிய அதைத் தொடக் கூடாது. முட்டை, பருப்பு, பால், ஒன்பது மணி நேரத் தூக்கம், இவைதான் தேவை.

பழைய பி.டி. மாஷ் எழுதியது:

பிசியோ தம்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள். அன்வர் அலி பற்றி மேலே எழுதினேனே, 17 வயது உலகக் கோப்பையில் ஆடிய அவருக்கு 2019-இல்தான் இதயக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய போராட்டத்துக்குப் பிறகே களத்துக்குத் திரும்பினார். பையனுக்கு இதயப் பரிசோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

பெண்ணைப் பற்றிக் கடைசியில் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அதுவும் அதே அளவு முக்கியம். 2022-இல் பெண்களுக்கான 17 வயது உலகக் கோப்பையும் நம் நாட்டில்தான் நடந்தது. நம் பெண்கள் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றார்கள். அணித்தலைவி அஸ்தம் ஒராவ்ன் ஜார்கண்டின் கும்லா மாவட்டத்துப் பெண். அந்தப் பிள்ளைகளின் உழைப்பில் குறையில்லை. அவர்கள் வயதில் மற்ற நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்த ஆட்டங்களில் கால்வாசிகூட இவர்களுக்குக் கிடைத்திருக்காது. மூத்த பெண்கள் தேசியப் போட்டியில் தமிழ்நாடு 2018-இலும் 2023-இலும் கோப்பை வென்றது. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் முடியாதா? பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சிப் பருவம் முன்னதாகவே வந்துவிடும். அதனால் இப்போதே தொடங்கட்டும். 12 வயது வரை பையன்களோடு கலந்தே ஆடலாம். 4-ஆம் எண் பந்து போதும், பெரிய பந்து வேண்டாம்.

மகனுக்கு இந்த ஆண்டு இரண்டே வேலை. வலது காலையும் பழக்க வேண்டும். பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் பார்க்கக் கற்க வேண்டும். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தூக்கி அடித்த பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தரையோடு ஆடப் பழகிய பிள்ளைகள் இங்கே அதனால்தான் அதிகம். அது அவனுக்கு நல்லது.

சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிள்ளைகளை ஆட வைக்கிறோம். கட்டணம் கிடையாது. சுற்றியுள்ள பஞ்சாயத்துகளின் அணிகளோடு ஞாயிறுதோறும் ஆட்டமும் உண்டு. இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். முட்டி வலி தீரும்வரை மகன் ஓட வேண்டாம், நின்றபடி பாஸ் பழகட்டும். இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள். மகளின் கால் அளவை எழுதுங்கள், பூட்ஸ் இருக்கிறது.