பைத்தான் லைப்ரரிக்கு எந்த டிபென்டன்சி டூல் (அதற்குத் தேவையான பேக்கேஜ்களை நிர்வகிக்கும் கருவி)? மாட்டிய இடங்களைச் சொல்லுங்கள்

கேரட்குறி:
போயட்ரி என்ற டூலில் இருந்த லைப்ரரி. ‘போயட்ரி ஆட்’ அடித்தால் நம்பைக்கு (எண் கணக்கு பேக்கேஜ்) தானாக ^1.26.4 போல விழும், அதாவது 2.0-க்குக் கீழே மட்டும். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. நம்பை 2 கேட்கும் இன்னொரு பேக்கேஜோடு சேர்த்து நிறுவினால் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) எரர் காட்டவே இல்லை. மேல்வரம்பு போடாத ஒரு பழைய ரிலீஸைத் தேடிப் பிடித்து நிறுவிவிட்டது! இம்போர்ட் செய்ததும், நம்பை 1.x-இல் கம்பைல் செய்தது 2.0-இல் ஓடாது என்று விழுந்தது. ட்ரேஸ்பேக்கில் இருந்த வரி எண்கள் இப்போதைய கோடில் கிடையாது. அதை வைத்துத்தான் பிடிபட்டது.

அப்ஸ்ட்ரீம்:
கேரட்குறி, பழியைப் போயட்ரி மேல் போடாதீர்கள். நம்பை 1-ஐ வைத்துக் கம்பைல் செய்த சி எக்ஸ்டென்ஷனுக்கு (சி மொழியில் எழுதிய பகுதி) அந்த வரம்பு நியாயமானதே. பழைய ரிலீஸில் அது இல்லாததுதான் கோளாறு. பைபிஐயில் (பைத்தான் பேக்கேஜ் களஞ்சியம்) ஏற்றிய மெட்டாடேட்டாவைத் திருத்த முடியாது, பிப் அந்த ரிலீஸைத் தானாகத் தேர்ந்தெடுக்காதபடி விலக்கும் யாங்க்தான் வழி. உண்மையான தொல்லை பைத்தான் வரம்பு. பைத்தான் ^3.8 (4.0-க்குக் கீழே எல்லாம்) என்று வைத்துக்கொண்டு சைபை (அறிவியல் கணக்கு பேக்கேஜ்) 1.10 கேட்டால், அது 3.12-க்குக் கீழேதான் என்று ரெசால்வர் (பொருந்தும் வெர்ஷன்களைத் தேடும் பகுதி) மறுக்கும். எரரை அடக்க நாமும் <3.12 போடுவோம். அது நம் லைப்ரரியைப் பயன்படுத்தும் எல்லோர் தலையிலும் ஏறும்.

விண்டோஸ்பில்டு:
நாங்கள் பிப்-டூல்ஸ். லினக்ஸில் ‘பிப்-கம்பைல் --ஜெனரேட்-ஹாஷஸ்’ ஓட்டி, வெர்ஷன்களையும் ஹாஷ்களையும் (சரிபார்ப்புக் குறியீடுகள்) எழுதிய ஃபைலைத் தயாரித்தோம். கிளிக் என்ற பேக்கேஜுக்கு விண்டோஸில் மட்டும் கலராமா என்ற இன்னொன்று வேண்டும், லினக்ஸில் தயாரித்த ஃபைலில் அது வராது. ஹாஷ் மோடில் பின் செய்யாத (வெர்ஷனைக் குறிப்பிட்டுப் பூட்டாத) பேக்கேஜ் ஒன்று இருந்தாலும் பிப் நின்றுவிடும். சிஐ (தானியங்கிச் சோதனை) லினக்ஸ் மட்டும், பச்சையாகவே இருந்தது. விண்டோஸில் புதிதாகப் பங்களிக்க வந்தவர் முதல் கட்டளையிலேயே மாட்டிக்கொண்டார்.

லாக்ஃபைல்:
போயட்ரி.லாக்கின் (தீர்மானித்த வெர்ஷன்களைப் பதியும் ஃபைல்) அடியில் இருக்கும் கன்டென்ட்-ஹாஷ் வரி! டிபென்டன்சியைத் தொடும் புல் ரிக்வெஸ்ட் இரண்டு வந்தால், இரண்டாவதில் கான்ஃப்ளிக்ட்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதைக் கையால் தீர்க்காதீர்கள். மெயின் கிளையின் லாக் ஃபைலை எடுத்துக்கொண்டு ‘போயட்ரி லாக்’ ஓட்டுங்கள். போயட்ரி 1.x-இல் ‘--நோ-அப்டேட்’ விட்டுப்போனால் சம்பந்தமில்லாத வெர்ஷன்களும் நகரும், 2.0-இல் அது தேவையில்லை. டூல் எதுவானாலும் டிபென்டன்சிகளைப் பெப் 621 (பைத்தான் தரநிலை) சொல்லும் ‘ப்ராஜெக்ட்’ பகுதியில் எழுதுங்கள். நாளைக்கு டூல் மாற்றினாலும் அந்தப் பகுதி அப்படியே இருக்கும். லாக் ஃபைல் வீலுக்குள் (நிறுவத் தயாரான பேக்கேஜ் ஃபைல்) போகாது, பயனருக்குப் போவது வரம்புகள் மட்டும். ஆகவே சிஐயில் லாக்கோடு ஒரு ஜாப், வாராவாரம் லாக் இல்லாமல் புத்தம்புது வெர்ஷன்களோடு ஒன்று, யூவி என்ற டூலின் ‘--ரெசல்யூஷன் லோவெஸ்ட்-டைரக்ட்’ வைத்துக் கீழ்வரம்புக்கு ஒன்று. கீழ்வரம்பைச் சோதிக்காமல் >=1.20 என்று எழுதுவது வெறும் ஊகம். விண்டோஸ்பில்டுக்கு: யூவி.லாக் எல்லா ஓஎஸ்ஸுக்கும் சேர்த்தே தீர்க்கும். பிப்-டூல்ஸின் பழைய ஃபைல் வடிவமே வேண்டுமென்றால் ‘யூவி பிப் கம்பைல் --யுனிவர்சல்’.

கேரட்குறி:
அப்ஸ்ட்ரீம், யாங்க் ஒன்றோடு முடியாது. ஒன்றை எடுத்தால் பிப் அதற்கும் முந்தையதுக்கு இறங்கும். வரம்பில்லாத ரிலீஸ் அத்தனையையும் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு நம்பை 2-ஐ வைத்துக் கம்பைல் செய்தோம். அந்த வீல் 1.26-இலும் ஓடுவதால் <2 வரம்பையே தூக்கியாயிற்று.