டிரையர் டக்டுக்கும் அதில் படியும் பஞ்சுக்கும் தமிழ்ச் சொல்: வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், பழைய வண்ணாரப்பேட்டை

குழுவினருக்கு வணக்கம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை லாண்டரிகளில் ஒட்ட ஒரு பக்கத் தீத்தடுப்பு அறிவிப்பு கேட்டிருக்கிறார்கள். 'உலர்த்தி' என்பதில் சிக்கல் இல்லை. இரண்டு இடத்தில்தான் நிற்கிறேன். உலர்த்தியின் முதுகிலிருந்து சூடான ஈரக்காற்றை வெளிச்சுவர் வரை கொண்டுபோகும் குழாய் ஒன்று. மெக்கானிக்குகள் 'டக்ட்' என்கிறார்கள். துணியிலிருந்து உதிர்ந்து அதில் படியும் மெல்லிய பஞ்சு மற்றது. இப்போதைக்கு 'புகைபோக்கி', 'தூசு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), ராயபுரம்

புகைபோக்கி வேண்டவே வேண்டாம். புகை வந்தால்தான் பார்க்க வேண்டும் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். புகை வந்த பிறகு அறிவிப்பு எதற்கு?

நம்மிடம் 'காலதர்' இருக்கிறதே! கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'மான்கண் காலதர் மாளிகை' என்று சிலம்பு சொல்கிறது. அங்கே அது சன்னல், இங்கே குழாய். காற்று போகும் வழி என்ற பொருள் இரண்டுக்கும் பொது.

தூசும் ஆகாது. நிகண்டில் தூசு என்றால் ஆடை. 'தூசை அகற்றுக' என்று எழுதினால் பழந்தமிழ் அறிந்தவன் சட்டையைக் கழற்றுவான். முன்னணிப் படைக்குத் தூசிப்படை என்று பெயர் வந்தது எப்படி என்பது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன். பஞ்சுக்குத் 'துய்' இருக்கிறது. துய்த்தலை மந்தியைச் சங்கப் பாட்டில் பார்த்திருப்பீர்கள், தலையில் பஞ்சு போல் மயிர் உள்ள குரங்கு. 'காலதரில் துய் அகற்றுக.' மூன்றே சொல்லில் அறிவிப்பு முடிந்தது.

அனுப்புநர்: இயந்திரப் பராமரிப்பு, கொடுங்கையூர்

ஐயா, 'காலதர்' என்று எழுதினால் நம்ம பையன் கால்மிதியைத் தட்டிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்பான்.

சொல்லுக்கு முன் பொருளைப் பிரிப்போம். பஞ்சு மூன்று இடத்தில் சேரும். முதல் இடம் கதவருகே உள்ள வலை. அதை எல்லாருமே தட்டுகிறார்கள். இரண்டாவது டக்ட், மூன்றாவது வெளிச்சுவரில் உள்ள மூடி. இந்த இரண்டையும் யாரும் தொடுவதில்லை. மூன்றுக்கும் ஒரே சொல் போட்டால் வலையைத் தட்டியதோடு சரி என்றாகிவிடும். ஆகவே குழாய்க்குத் தனிப்பெயர் கட்டாயம்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், சூடு மட்டும் துணியைக் காயவைப்பதில்லை, காற்றோட்டமும் வேண்டும். டக்ட் அடைத்தால் காற்று நகராது, சூடு உள்ளேயே தங்கும். துணி சுழலும் டிரம்மின் ஓரத்தில் உள்ள சீல் இடுக்கு வழியாகப் பஞ்சு கேபினட்டுக்குள் கசிந்து சூடேற்றியின் பக்கத்தில் படியும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை ஓயாமல் வெட்டி வெட்டி இணைக்கும். அதன் முனைகள் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் அது சூட்டை நிறுத்தாது. அங்கே பற்றிய தீயை டக்ட் உறிஞ்சிக்கொண்டு போகும். குழாயின் உட்சுவர் முழுக்கப் பஞ்சுதானே! காஸ் உலர்த்தியாக இருந்தால் எரிந்த வாயுவும் வெளியேறாமல் அறைக்குள் திரும்பும், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை வீட்டு உலர்த்தித் தீயைக் கணக்கெடுத்தது. ஆண்டுக்குச் சுமார் 2,900 விபத்து. காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாததற்கு, 34 சதவீதம்.

குழாய் வழவழப்பான உலோகமாக இருக்க வேண்டும். சுருள் பிளாஸ்டிக்கோ, நசுங்கும் ஃபாயில் குழாயோ கூடாது, மடிப்புக்கு மடிப்பு பஞ்சு தங்கும். இணைப்பில் உள்ளே முனை நீட்டும் திருகு போடாதீர்கள், அதில்தான் முதல் நூல் சிக்கும். அலுமினிய டேப் ஒட்டுங்கள். துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். வீட்டு உலர்த்திக்கு 4 அங்குலக் குழாய். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிப்படி நீளம் 35 அடிக்குள். சாதாரண முழங்கை இணைப்பு போட்டால் ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் 5 அடி, 45 பாகைக்கு 2½ அடி கழித்துக்கொள்ள வேண்டும். லாண்டரியில் உள்ள பெரிய மெஷினுக்கு இந்தக் கணக்கு செல்லாது, தயாரிப்பாளர் கையேடுதான்.

அனுப்புநர்: ஐ.டி.ஐ. பயிற்றுநர், தண்டையார்பேட்டை

தம்பி சொல்வது சரி. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, 'துய்' மாணவர்களிடம் எடுபடாது. துய்த்தல் என்றால் அனுபவித்தல் என்று பள்ளியில் படித்து வந்தவர்கள். 'பிசிறு' எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது துணி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருப்பது, உதிர்ந்தது வேறு. என் வாக்கு 'பஞ்சுத்தூசு'. பேசும்போது அப்படித்தான் வருகிறது.

குழாய்க்குச் 'சூட்டுக்குழாய்' என்று எழுதலாமா?

இன்னொன்று. எண்ணெய்த் துணியைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரி வேண்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஊறிய சமையலறைத் துணியில் துவைத்த பிறகும் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். உலர்த்தியிலிருந்து சூட்டோடு அள்ளிக் குவித்தால் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து தானே சூடேறும், மணிக்கணக்கு கழித்துப் புகையும். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு, அதனால் இந்த ஆபத்து குறைவு. கடைசியில் சூடில்லாமல் ஓடும் குளிர்விப்புச் சுற்றை நேரம் மிச்சம் என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

அனுப்புநர்: இயந்திரப் பராமரிப்பு, கொடுங்கையூர்

அம்மா, சூட்டுக்குழாய் ஆபத்து. பாய்லர் வைத்த லாண்டரியில் நீராவி லைனும் சூடான குழாய்தான். 'சூட்டுக்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்' என்று படித்துவிட்டு அதில் ஸ்பானர் வைத்தால் என்ன ஆகும்?

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), ராயபுரம்

அப்படியானால் 'தூம்பு'. ஏரித் தூம்பு அறிவீர்கள். உள்ளே துளையுள்ளது எதுவும் தூம்புதான், யானைக்கை போன்ற நெடிய இசைக்கருவிக்கும் அந்தப் பெயர் உண்டு. துளை, தூம்பு, துருத்தி எல்லாம் ஒரே வேரா என்று எண்ணிப் பார்க்கலாம். ஊதுகிற, துளைக்கிற பொருள் இந்தத் 'து' வரிசையில் திரும்பத் திரும்ப...

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், பழைய வண்ணாரப்பேட்டை

ஐயா, இன்று புதன்கிழமை. வேரை அடுத்த வாரம் தோண்டுவோம். தூம்பு என்றால் தண்ணீர் நினைப்பு வருகிறது. 'கழிகாற்றுக் குழாய்' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அதைப் படித்த என் வீட்டார் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

'காற்றுப்போக்கி' எப்படி? புகைபோக்கி தெரிந்தவருக்கு இது புரியும், புகை மட்டும் போய்விடும். முதல் வரியில் 'டக்ட் எனும் காற்றுப்போக்கி' என்று போட்டுவிட்டு அப்புறம் காற்றுப்போக்கி மட்டும். வரைவு இது:

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வலையில் உள்ள பஞ்சுத்தூசை எடுக்கவும். வலை மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும். தேங்கினால் துணி மென்மையாக்கும் திரவத்தின் படலம் பிடித்திருக்கிறது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்து மாட்டவும். துணி ஒரே சுற்றில் காயாவிட்டால், கருகல் வாடை வந்தால், வெளிமூடி திறக்காவிட்டால் மெஷினை நிறுத்திக் காற்றுப்போக்கியைப் பார்க்கவும். மின்சாரத்தையும் காஸ் வால்வையும் அடைத்த பிறகே கழற்றவும். தீ என்றால் 101.

அனுப்புநர்: ஐ.டி.ஐ. பயிற்றுநர், தண்டையார்பேட்டை

சம்மதம். காற்றுப்போக்கி, பஞ்சுத்தூசு இரண்டுக்கும்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), ராயபுரம்

எனக்குச் சம்மதம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'காற்றுப்போக்கி'யில் 'ப்' என்ற ஒற்று வரக் கூடாது. காற்றைப் போக்குவது என்று ஐ உருபு தொக்கி நிற்கிறது, இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. 'காற்றுபோக்கி' என்றே அச்சிட வேண்டும். வன்றொடர்க் குற்றியலுகரம் என்று யாராவது கிளம்பினால் நன்னூலோடு வாருங்கள். கலைச்சொல் பட்டியலில் காலதரையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், பழைய வண்ணாரப்பேட்டை

பட்டியலில் சேர்க்கிறேன் ஐயா. அறிவிப்பில் 'ப்' இருக்கும். வாய் தானாகவே அதைச் சொல்கிறது.

அனுப்புநர்: இயந்திரப் பராமரிப்பு, கொடுங்கையூர்

ஒற்று எப்படியோ போகட்டும், வரைவில் வெளிமூடிக்கு இன்னும் ஒரு வரி வேண்டும். புறா வருகிறது என்று காற்றுப்போக்கியின் வெளிவாயில் கொசுவலை கட்டிவிடுகிறார்கள். அந்த வலையில் பஞ்சு அப்பிச் சீக்கிரமே வாய் மூடிப்போகும். வலை கூடாது, தானே திறந்து மூடும் தகடு போதும். காசிமேட்டுப் பக்கம் உப்புக்காற்றில் தகட்டின் கீல் துருப்பிடிக்கும், அங்கே ஸ்டெயின்லெஸ் போடச் சொல்லுங்கள். ஈரக்காற்று குழாயில் குளிர்ந்து நீர் கோத்தால் பஞ்சு களி போல் ஒட்டிக்கொள்ளும், வெறும் ஊதலுக்கு அசையாது. தூரிகை விட வேண்டும். டிரில்லில் மாட்டும் தூரிகைக் கம்பியை வலஞ்சுழியாக மட்டுமே சுற்ற வேண்டும். திருப்பிச் சுற்றினால் மரை கழன்று தூரிகை உள்ளேயே நின்றுவிடும்.

'வலஞ்சுழி' புரியுமா, 'கடிகாரம் சுற்றும் பக்கம்' என்று போடலாமா?