கொனோரியா, கிளமிடியா (உடலுறவால தொத்துற நோயள்) சாம்பிள்: எங்க பிழைக்குது? வன்னி லாப் ஆக்களின்ர அனுபவங்கள்

மாங்குளம் எம்.எல்.ரி. (லாப் தொழில்நுட்பவியலாளர்):
ஆம்பிளையளின்ர சீழ் சிலைட்டில கூடக் காணுற பிழை, தேய்க்கிறது. ஸ்வாப்பை (சாம்பிள் எடுக்கிற குச்சியை) சிலைட்டில உருட்டத்தான் வேணும். தேய்ச்சா சீழ் செல்லெல்லாம் உடைஞ்சுபோகும். உள்ளுக்க சோடி சோடியா இருக்கவேண்டிய கிருமி வெளியில சிதறிக் கிடக்கும், பிறகு அதைப் பாத்து ஒண்டும் உறுதியாச் சொல்லேலாது. கிராம் ஸ்டெயின் (கிருமிக்கு நிறமூட்டிப் பாக்கிறது) செய்யேக்க, நிறம் கழுவுற அசிற்றோன் 2, 3 செக்கனுக்கு மேல நிண்டா, ஊதாவா நிக்கவேண்டிய ஸ்டபிலோகொக்கஸ் கிருமியும் கொனோரியாக் கிருமி மாதிரிச் சிவப்பாத் தெரியும். ஒழுங்காச் செய்தா, சீழ் வடியுற ஆம்பிளைக்கு கிராம் ஸ்டெயின் 95 வீதத்துக்கு மேல பிடிக்கும். பொம்பிளையளின்ர கருப்பைக் கழுத்துச் சாம்பிளில அரைவாசிதான். சிலைட் நெகட்டிவ் எண்டு அவையை வீட்ட அனுப்பிப்போடாதேங்கோ.

வவுனியா லாப்:
அண்ணை சொன்னது சரி. கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பாக்கிறதுக்கு) வேற கரைச்சல். சலக் கல்ச்சர் பழக்கத்தில இந்த ஸ்வாப்பையும் பிரிஜ்ஜில வைக்கினம். கொனோரியாக் கிருமி குளிரில செத்துப்போகும். ஏ9 வெயிலில வாகன டிக்கிக்குள்ள கிடந்தாலும் அதே கதிதான். வெறும் பஞ்சு ஸ்வாப்பில இருக்கிற கொழுப்பமிலமும் அதைக் கொல்லும். டக்ரோன் (செயற்கை நூல்) ஸ்வாப் பாவியுங்கோ. தூர இடமெண்டா கரி கலந்த ஏமிஸ் (சாம்பிள் கொண்டுபோற ஊடகம்) குழாயில, அறைச் சூட்டில, 24 மணித்தியாலத்துக்குள்ள வந்து சேரவேணும். முந்தி வந்தா இன்னும் நல்லது.

பிளேட்டை பிரிஜ்ஜால எடுத்த கையோட பூசாதேங்கோ, குளிர் போகட்டும். வன்கோமைசின், கொலிஸ்டின், நிஸ்டடின் எண்ட கிருமிகொல்லி மருந்துகள் போட்ட சொக்லேட் அகார்தான் (சூடாக்கின இரத்தம் கலந்த வளர்ப்பூடகம்) வேணும், இல்லாட்டி மற்றக் கிருமி மூடிப்போடும். காபனீரொட்சைட் இன்கியூபேற்றர் இல்லாத இடத்தில மெழுகுதிரிச் சாடி போதும்: அடியில ஈரப் பஞ்சு, வெள்ளை மெழுகுதிரி, இறுக்கின மூடி. திரி தானா அணையேக்க காபனீரொட்சைட் 3 வீதமளவில நிக்கும். கேக்கில மிஞ்சின கலர்த் திரி, வாசனைத் திரி வேண்டாம். 35–37 பாகையில வைச்சு, 72 மணித்தியாலம் போகாம நெகட்டிவ் எண்டு எழுதாதேங்கோ.

முல்லை பயோ:
கிளமிடியா அகாரில வளராது, கிராமில தெரியாது. சீழ் செல் இருக்கு, கிருமி இல்லை எண்டா அதை நினைக்கோணும். கிருமியின்ர மரபணுவைத் தேடுற பி.சி.ஆர். சோதனைக்கு, சலம் போகேக்க முதல் வாற 20–30 மி.லீ. போதும். போத்தல் நிறைய எடுத்தா ஐதாகி விட்டுப்போகும். ‘நடுச் சலம்’ எண்டு சொல்லிப் பழகின வாய்க்கு இது தலைகீழ். கடைசியாச் சலம் போய் ஒரு மணித்தியாலமாவது ஆகியிருக்கோணும். பொம்பிளையளுக்கு, அவை தாங்களே எடுக்கிற யோனி ஸ்வாப் சலத்தைவிடத் திறம். கரிக் குழாயில போட்டு அனுப்பாதேங்கோ, கிட்டோட வாற குழாய்தான். மருந்து முடிஞ்சு 3, 4 கிழமைக்கு முதல் திருப்பிச் செய்தா செத்த கிருமியையும் பொசிற்றிவ் எண்டு காட்டும்.

கிளினிக் மிஸ்ஸி:
ஃபோமில எடுத்த இடம், எடுத்த நேரம், பாமசியில கேட்டு வாங்கிப் போட்ட அன்ரிபயோட்டிக், மூண்டையும் எழுதுங்கோ தம்பிமார். மூண்டாவதை ஆக்கள் தாங்களாச் சொல்லமாட்டினம். ‘என்ன குளிசை போட்டனீங்கள்?’ எண்டு கேட்டா, மட்டையை எடுத்துக் காட்டுவினம்.