மெட்டாபாப்புலேஷன் = இணைதொகை?

எல்லாருக்கும் வணக்கம்,

தனித்தனி இடங்கள்ல பிரிஞ்சு இருந்தாலும் போக்குவரத்தால இணைஞ்சிருக்கிற ஒரே இன உயிர்க்கூட்டங்களைச் சூழலியல்ல மெட்டாபாப்புலேஷன்னு சொல்றாங்க. அதுக்கு நம்ம குழுவுல தமிழ்ச்சொல் தேடுறோம், இதுவரை வந்த சொற்கள்ல 'பெருந்தொகை', 'கூட்டுத்தொகை' ரெண்டையும் விட்டுடலாம்னு நினைக்கிறேன், முதலாவதைக் கேட்டா பணம்னு தோணும், அடுத்ததைக் கேட்டா கணக்குன்னு தோணும், விலங்குன்னு யாருக்கும் தோணாது. மெட்டாடேட்டாவுக்கு 'மீத்தரவு'ங்கிற மாதிரி 'மீத்தொகை'ன்னு குழுவுல ஐயா ஒருத்தர் சொன்னது முறையாத்தான் இருக்கு, ஆனா காதுல மீதித்தொகைன்னு விழுது. 'சிதறல்தொகை' கேட்டவுடனே புரியுது, நிறைய பேர் அதுக்குத்தான் கை தூக்கியிருக்கீங்க. எனக்கு அதுலதான் பெரிய கவலை.

சூழலியலாளர் ரிச்சர்ட் லெவின்ஸ் 1969-ல பயிர்ப்பூச்சிகளை வச்சு இந்தக் கருத்தை எழுதினப்போ சிதறிக் கிடக்குறதை மட்டும் சொல்லல. ஒரு திட்டுல, அதாவது அந்த உயிர் வாழத் தோதான ஒரு சின்ன இடத்துல, இருக்கிற கூட்டம் அழியும், பக்கத்துத் திட்டுலேர்ந்து சிலது வந்து அங்க மறுபடி குடியேறும், இந்தக் குடியேற்றம் அழிவுக்கு ஈடு குடுக்கிற வரைக்கும் மொத்தத்துல இனம் தப்பிச்சுக்கும், இதான் விஷயம். ஃபின்லாந்தோட ஓலாந்து தீவுகள்ல இல்க்கா ஹான்ஸ்கிங்கிற சூழலியலாளர் கிளான்வில் ஃப்ரிட்டிலரிங்கிற பட்டாம்பூச்சிய வச்சு இதைக் கண்ணால காட்டினார். சுமார் 4000 சின்னச் சின்னப் புல்வெளிங்க, 1993-லேர்ந்து வருஷா வருஷம் போய் புழுக்கள் குளிருக்குப் பின்னி வச்சிருக்கிற பட்டுக்கூடுகளை எண்ணுறாங்க, எந்த வருஷம் பார்த்தாலும் பெரும்பாலான புல்வெளி காலிதான், ஆனா இந்த வருஷம் காலியா இருந்த சில இடத்துக்கு அடுத்த வருஷம் பூச்சி வந்திருக்கும். அப்போ காலித் திட்டும் அந்தத் தொகைல சேர்த்திதான். "இங்க ஒண்ணுமே இல்லையே"ன்னு அதை அழிச்சா, கூட்டம் இருக்கிற திட்டையும் சேர்த்துப் பலவீனமாக்குறோம்.

இப்போ நம்ம வால்பாறைக்கு வாங்க. தேயிலைக்கு நடுவுல மழைக்காட்டுத் துண்டுங்க, அதுல சில இடத்துல சிங்கவால் குரங்கு. மரத்துலயே வாழுற பிராணி, பரந்த தேயிலையைத் தாண்டிப் போறது அதுக்கு ரொம்பக் கஷ்டம். ஒரு துண்டுல இருக்கிற கூட்டம் போயிடுச்சுன்னா வேற துண்டுலேர்ந்து வந்து நிரப்பும்னு நம்ப முடியாது. அங்கயும் சிதறல் இருக்கு, ஓலாந்துலயும் சிதறல் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல! 'சிதறல்தொகை'ன்னு வச்சா இந்த வித்தியாசமே காணாமப் போயிடும், வால்பாறையில புதுத்தோட்டம் பக்கம் ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் குரங்குக்குப் பாலம் எதுக்குக் கட்டுறாங்கன்னு விளக்க நமக்குச் சொல்லே இருக்காது.

அதனால என் பரிந்துரை 'இணைதொகை'. 'ஊறுகாய்' மாதிரி வினைத்தொகையா எடுத்துக்கோங்க, இணைந்த, இணைகிற, இணையும் மூணு காலமும் உள்ள இருக்கு, போன வருஷம் வந்து போனது, இனிமே வரக்கூடியது எல்லாமே அடங்கிடும். நடுவுல 'த்' போட்டுடாதீங்க, 'இணைத்தொகை'ன்னா ஜோடிக் கணக்கு மாதிரி ஆயிடும். தனித்தனித் துண்டுல இருக்கிறதுக்குத் 'திட்டுத்தொகை'. போக்குவரத்தே அத்துப்போனதுக்குத் 'துண்டுபட்ட தொகை'ன்னு தனியா வச்சுக்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. தமிழ்நாட்டுப் பாடநூல்ல பாப்புலேஷனுக்கு 'இனக்கூட்டம்'னு போடுறாங்க, இலங்கைல 'குடித்தொகை'. இலங்கை நண்பர்களுக்கு 'இணைகுடித்தொகை' இன்னும் இயல்பா இருக்குமா? குடியேற்றமும் அதுல கேக்குது, எனக்குப் பிடிச்சிருக்கு, நீளம்தான் இடிக்குது. அங்க உயிரியல் சொல்லிக் குடுக்கிறவங்க யாராவது வகுப்புல சொல்லிப் பார்த்துட்டு எழுதுங்க, அதுக்கப்புறம் நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்தலாம்.