போல் பாட்டை விரட்ட வியட்நாம் படையெடுத்தது நியாயம்தானா?

மீகாங்:
1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. அங்கே போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் வரை செத்திருந்தார்கள். ஆனாலும் அந்த நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை 91-21 என்ற கணக்கில் அந்நியப் படைகளை வெளியேறச் சொன்னது. 'அறப்படி சரி, சட்டப்படி தப்பு' என்று முடித்துவிடலாமா? சட்டத்திலேயே இதற்கு இடமுண்டா?

எல்லைக்கல்:
இடமுண்டு, ஆனால் படுகொலையைக் காட்டி இல்லை. ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு, ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்புக்கு அனுமதிக்கிறது. கெமர் ரூஜ் எல்லை தாண்டி அடித்துக்கொண்டேதான் இருந்தது. 1978 ஏப்ரலில் வியட்நாம் எல்லையோர ஊரான பா சுக்கில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியரைக் கொன்றது. இதுவரை வாதம் நிற்கும். எல்லைத் தாக்குதலை நிறுத்தத் தலைநகர் வரை போகணுமா என்ற கேள்வியில்தான் இடறும்.

அதைச் சமாளிக்க ஹனோய், அதாவது வியட்நாம் அரசு, 'இரண்டு போர்' என்றது: எல்லையில் எங்கள் தற்காப்பு, உள்ளே கம்போடியர்களின் எழுச்சி. எழுச்சியை நடத்தியதாகச் சொன்ன கம்போடிய முன்னணி உருவானது 1978 டிசம்பர் 2. படையெடுப்பு டிசம்பர் 25. மூன்று வாரக் குழந்தை நாட்டைப் பிடித்ததாம்! மக்களைக் காப்பாற்ற வந்தோம் என்பதை ஹனோய் சட்டக் காரணமாக வைக்கவே இல்லை. வைத்திருந்தாலும் எடுபட்டிருக்காது. ஆட்சி அருவருப்பானது என்பதற்காக வெளிநாடு நுழையலாம் என்றால் அது ஆபத்து என்று பாதுகாப்பு மன்றத்தில் பிரான்ஸ் நேரடியாகவே பேசியது.

கரிசல்:
சட்டத்தை விட பனிப்போர்தான் தீர்மானித்தது; வியட்நாம் சோவியத் பக்கம் இருந்தது. அதே 1979 ஏப்ரலில் தான்சானியா உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவைப் பிடித்து அந்நாட்டு சர்வாதிகாரி இடி அமீனைத் துரத்தியது. அங்கேயும் முதலில் எல்லை தாண்டியது அமீன் படைதான், அங்கேயும் பதிலடி தலைநகர் வரை போனது. ஐ.நா.வில் ஒரு கண்டனத் தீர்மானமும் இல்லை.

ஆனால் நுழைந்ததையும் தங்கியதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். படை 1989 செப்டம்பர் வரை இருந்தது. எண்பதுகளின் நடுவில் கே-5 திட்டம் என்று கம்போடியக் குடிமக்களைக் கட்டாயப்படுத்தித் தாய்லாந்து எல்லைக்கு அனுப்பிக் காடழிக்க வைத்தார்கள். மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் செத்தவர்கள் ஏராளம். இதற்கு 51ஆம் பிரிவு எப்படிப் பொருந்தும்?

எல்லைக்கல்:
கே-5க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 1980இல் படை திரும்பியிருந்தால் உள்ளே வந்திருப்பது யார்? கெமர் ரூஜ் அழியவில்லை. தாய்லாந்து எல்லையில் முகாம், சீன ஆயுதம், ஐ.நா. இருக்கை எல்லாம் அவர்களிடமே இருந்தன. 1981இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில், வியட்நாம் வெளியேறியதும் எல்லாத் தரப்பின் ஆயுதங்களையும் களையலாம் என்று தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் கேட்டன. கெமர் ரூஜையும் சேர்த்தா என்று சீனா மறுத்தது, அமெரிக்கா சீனாவின் பக்கம் சாய்ந்தது. வியட்நாம் அந்த மாநாட்டுக்கே போகவில்லை; அது ஹனோயின் தப்பு. ஆயுதக் களைவும் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தலும் 1991 பாரிஸ் ஒப்பந்தத்தில்தான் கையெழுத்தாயின.