அலைன்மென்ட்: சீரமைப்பா, பண்ணலா, சுருதி சேர்த்தலா?

அன்புடையீர்,

வரும் சனிக்கிழமை 20 மாணவர்கள் தம் கையாலேயே 7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) ரிசீவர் செய்யப் போகிறார்கள். செய்முறைக் கையேட்டைத் தமிழாக்கிவிட்டேன். சுற்றுகளை உரிய அதிர்வெண்களில் நிறுத்தும் வேலையைக் குறிக்கும் 'அலைன்மென்ட்' என்ற ஒரு சொல்தான் வழிவிட மறுக்கிறது. ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மர்களை 455 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தி, ரிசீவருக்குள்ளேயே அலை உண்டாக்கும் ஆசிலேட்டரை 7.455 முதல் 7.655 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவைத்து, கடைசியில் ஆன்டெனா காயிலை உச்சத்துக்குக் கொண்டுவருவது வரையிலான வேலை முழுவதற்கும் ஒரு பெயர் வேண்டும். 'சீரமைப்பு' என்று எழுதி ஒரு மாணவியிடம் காட்டினேன். "பழுதான கிட்டையா எங்களுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டாள். வியாழன் இரவு அச்சகத்துக்குப் போக வேண்டும்.

———

ஐயா,

அந்தப் பெண் கேட்டது நியாயம். சாலைச் சீரமைப்பு என்று நாளிதழில் படித்து வளர்ந்தவள் அவள். ஆனால் நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் யாழ் வாசிக்கும் எட்டுத் தொழில்கள் வருகின்றன. முதலாவது பண்ணல், அடுத்தது பரிவட்டணை. பண்ணுக்கேற்ப நரம்பை வீக்குவது பண்ணல். வீக்கிய நரம்பைத் தடவிப் பார்ப்பது பரிவட்டணை. அலைன்மென்ட், டெஸ்டிங் இரண்டுமே வரிசை மாறாமல் கிடைத்துவிட்டன! குதிரையையும் தேரையும் பயணத்துக்கு ஆயத்தம் செய்வதையும் பழந்தமிழில் பண்ணுதல் என்றே சொன்னார்கள். ஆயத்தப்படுத்துவதே அதன் உயிர்ப்பொருள்.

———

பெரியவர் மன்னிக்க வேண்டும். 'ஐ.எஃப். பண்ணல்' என்று படிக்கும் பிள்ளை, ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரையே செய்யச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கம்பி சுற்றத் தொடங்கிவிடும். 40 ஆண்டுகள் ரேடியோ பழுதுபார்த்தவன் நான். இந்த வேலையின் சுபாவத்தைச் சொல்கிறேன். அலைவரிசையின் கீழ்க்கோடியைக் காயிலின் (கம்பிச்சுருளின்) உள்ளே இருக்கும் 'கோர்' என்ற காந்த மையத்தைத் திருகிச் சரிசெய்வோம். மேல்கோடியை டிரிம்மர் என்ற சிறு கண்டென்சரால் (மின்தேக்கியால்) சரிசெய்வோம். மேலே சரியாக்கினால் கீழே நகர்ந்துவிடும். திரும்பக் கீழே, திரும்ப மேலே என்று மூன்று நான்கு முறை போய்வந்தால்தான் இரண்டும் நிலைக்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவரும் தந்தி தந்தியாக இப்படித்தான் போய்வருகிறார். 'சுருதி சேர்த்தல்' என்று எழுதுங்கள். எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது.

கையேட்டில் ஒன்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: கோரைத் திருகப் பிளாஸ்டிக் திருப்புளி மட்டுமே. இரும்பை உள்ளே விட்டால் காயிலின் மதிப்பே மாறும். உச்சம் கண்டு திருப்புளியை எடுத்ததும் சத்தம் இறங்கிவிடும். முரட்டுக் கைக்குக் கோர் விரிசல் விடும்.

———

யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவள் என்பதால் ஒரு வார்த்தை. எங்கள் பாடநூல்களில் ஒத்ததிர்வைப் 'பரிவு' என்போம். பரிவட்டணையை அதன் அருகில் வைத்தால் மாணவர் இரண்டையும் ஒரே வேர் என்று மயங்குவர். சுருதியையும் என்னால் ஏற்க இயலவில்லை. வடசொல் என்பது ஒரு காரணம்; அதைவிடப் பெரிய காரணம், இங்கே சுற்றுகள் ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. ஆன்டெனா சுற்று 7.1 என்றால் ஆசிலேட்டர் 7.555. நடுவில் அந்த 455 கிலோஹெர்ட்ஸ் எப்போதும் மாறாமல் இருக்க வேண்டும். வெவ்வேறாக இருந்தும் பொருந்தி நடப்பது இயைதல். 'இயைத்தல்' என்று எழுதுங்கள்.

———

அம்மா, தம்புராவின் தந்திகளும் ஒரே சுரத்தில் நிற்பதில்லையே. பஞ்சமம் ஒன்று, சட்ஜம் மேலே, கீழே என்று மூன்று. நான்கும் தம் இடைவெளியில் நின்றால்தானே சுருதி சேர்ந்தது என்கிறோம்? உங்கள் காரணம் என் சொல்லுக்கே வலுச் சேர்க்கிறது.

———

அனைவருக்கும் நன்றி. கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பக்கம் நின்று தலைப்பில் 'சுருதி சேர்த்தல்' என்றே வைத்துவிட்டேன். ஆன்டெனா, ஆசிலேட்டர் இரண்டையும் ஒரே அச்சில் சுழலும் கேங் கண்டென்சர் ஒன்றாக நகர்த்தும் பகுதியில் மட்டும் 'இயைத்தல்' வருகிறது. டெஸ்டிங் 'சோதனை'யாகவே இருக்கிறது: 7.1 மெகாஹெர்ட்ஸில் ரிசீவரை வைத்து, சிக்னல் ஜெனரேட்டரில் 8.010 கொடுத்து, பிம்ப அலை (ஆசிலேட்டருக்கு மறுபக்கம் அதே 455 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் வேண்டாத அலை) எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

———

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் சொல்லின் சிறப்பை வாக்கெண்ணித் தீர்மானிக்கலாகாது என்பதே என் நிலை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு முழு வேலையையும் 'இயைத்தல்' என்றே சொல்லிக்கொடுப்பேன்.